ஏடு கேட்டான் ஒரு சிறுவன்!

"மாமா, அந்தப் புத்தகத்த எனக்குத் தருவீகளா? படிச்சிட்டுத் தாரேன்."

கேட்டவனுக்கு வயது பதினொன்று இருக்கும். எங்கள் தெருவின் கோடி வீட்டுப் பிள்ளை. தந்தை, வேலிக்கருவையை வெட்டிக் கரிமூட்டம் போடும் தொழிலாளி. தாய், பருத்திக்காடோ மிளகாய்த் தோட்டமோ, கூப்பிட்ட இடத்துக்குக் கூலிக்குப் போகிறவர். நான் திண்ணையில் அமர்ந்து, கு. அழகிரிசாமியின் கதைத் தொகுதி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னேன்:

"ஒனக்கு இது புரியாதுடா. பெரிய ஆளானதும் படிக்கலாம். போ, போய்ப் பாடத்தப் படி."

போய்விட்டான். அன்று மாலை பக்கத்துச் சிற்றூரிலே பொதுக்கூட்டம். ஒரு மணி நேரம் முழங்கினேன். படியுங்கள் என்றேன், படிப்புத்தான் படைக்கலம் என்றேன், ஏடு எடுக்காத கை ஏர் பிடித்தும் ஏற்றம் காணாது என்றேன். கையொலி எழுந்தது, கைத்தறித் துண்டு தோளில் விழுந்தது. மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். காலையிலே ஏடு கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பிய அந்தப் பிள்ளையின் நினைவு, ஒரு கணமும் வரவில்லை எனக்கு!

தோழர்களே! "உமக்குப் பிடித்த எழுத்தாளர் யார்? எப்போது படிக்கிறீர்? எப்படிப் படிக்கிறீர்?" என்று என்னைக் கேட்பவர் உண்டு. மேடையிலே பேசுகிறவன் மெத்தப் படித்தவனாக இருப்பான் என்று எண்ணிக் கேட்கிறார்கள். அவர்களுக்கு விடை சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஆனால், அந்தச் சிறுவனுக்குச் செய்த தவறைச் சொல்லாமல் அந்த விடையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆகவேதான் அதை முதலில் வைத்தேன்.

நான் கல்லூரியின் வாயிற்படி மிதித்தவனல்லன். பள்ளிப் படிப்போடு நின்றவன். என்னைப் படிக்க வைத்தது ஒரு தேநீர்க் கடை. அங்கே காலையில் நாளேடு வரும். கண் பார்வை மங்கிய முதியவர்கள் இருவர், எழுத்தறியாத உழவர்கள் நால்வர், எல்லாரும் காத்திருப்பார்கள். "ஏலே, நீ படிடா" என்று ஏட்டை என் கையிலே திணிப்பார் கடைக்காரர். உரக்கப் படிப்பேன். தடுமாறினால் சிரிப்பார்கள், திருத்தமாகப் படித்தால் ஒரு வடை கிடைக்கும். நான் பேசக் கற்றது அங்கேதான். ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்பது, சிறிய படிப்பகங்களிலும் முடிதிருத்தும் நிலையங்களிலும் இயக்கம் வளர்த்த பழக்கம். எழுத்தறிந்தவரின் கண், எழுத்தறியாதவருக்கும் கண்ணாயிற்று.

இன்றும் என் வழக்கம் அதுதான். நல்ல வாக்கியம் வந்தால் வாய்விட்டுப் படிப்பேன். மனைவி எட்டிப் பார்த்து, "யாருகிட்டப் பேசுறீக?" என்பார். விளாத்திகுளத்திலிருந்து கோவில்பட்டிக்குப் பேருந்தேறினால், எட்டயபுரம் தாண்டுவதற்குள் ஒரு சிறுகதை முடிந்துவிடும். சட்டைப் பையிலே ஒரு பென்சில் எப்போதும் இருக்கும். ஒத்துக்கொள்ளும் இடத்தில் கோடு போடுவேன். ஒத்துக்கொள்ளாத இடத்தில் இரண்டு கோடு!

இனி, பிடித்த எழுத்தாளர். எனக்குப் பிடித்தவர்களைத் தேடி நான் நெடுந்தொலைவு போகவில்லை. கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவல் என்று ஒரு சிற்றூர். நம்மைப் போலவே கரிசல் மண். மழை பெய்தால் காலைக் கவ்வும். வெயில் அடித்தால் வாய் பிளக்கும். அந்த ஓர் ஊரிலிருந்து இரண்டு எழுத்தாளர்கள் வந்தார்கள்: கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி. இருவரும் இளமைத் தோழர்கள். இருவர் வீட்டிலும் பேசிய மொழி தெலுங்கு. ஆயினும் இருவரும் வாழ்வைக் கொடுத்தது தமிழுக்கு!

கி.ரா. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். முப்பது வயது தாண்டியபின் எழுத வந்தவர். அவர்தான் 1976-ஆம் ஆண்டில் 'கோபல்ல கிராமம்' தந்தார். 1982-இல் கரிசல் மக்களின் பேச்சுக்கு அகராதி தந்தார். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். பட்டம் இல்லாத அந்த உழவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்துப் பேராசிரியர் இருக்கையில் அமர்த்தியது. 2021-ஆம் ஆண்டு மே மாதம் அவர் மறைந்தபோது, அரசு மரியாதையுடன் இடைசெவல் மண்ணிலே அடக்கம் நடந்தது. ஆள்வோருக்கும் அதிகாரிகளுக்கும் கிடைத்துவந்த மரியாதை, கதை சொன்ன ஒரு கரிசல்காட்டு மனிதருக்குக் கிடைத்தது.

அழகிரிசாமி 1923-இல் பிறந்தவர். ஆசிரியர் வேலை, பதிவு அலுவலகத்தில் எழுத்தர் வேலை, பிறகு சென்னையிலே பத்திரிகை வேலை. 1950-களில் மலாயா சென்று 'தமிழ் நேசன்' ஏட்டிலே பணியாற்றினார். 1970-ஆம் ஆண்டு ஜூலையில், ஐம்பதைக்கூட எட்டாமல் மறைந்தார். அந்த ஆண்டுக்கான அகாதமி விருது, அவர் கண் மூடிய பிறகே, 'அன்பளிப்பு' என்ற தொகுதிக்கு வந்தது.

இருவருக்கும் கல்லூரி ஏது? ஒருவருக்கொருவரே கல்லூரி! ஒருவர் படித்ததை மற்றவரிடம் சொன்னார். ஊர் பிரிந்தபின், கடிதம் எழுதிக் கலந்துகொண்டார்கள். நண்பர் எழுதிய கடிதங்களைக் கி.ரா. காத்து வைத்திருந்தார், அவை பின்னர் நூலாகவே வந்தன. நம் விளாத்திகுளம் சாமிகளின் இசையில் தோய்ந்தார்கள்; டி.கே.சி.யிடம் கம்பனைச் சுவைக்கக் கற்றார்கள். அழகிரிசாமி, கம்பராமாயணத்தைப் பதிப்பிக்கும் அளவுக்கு அதிலே ஆழ்ந்தார்.

"என்ன, கம்பனைப் போற்றியவரா உமக்குப் பிடித்த எழுத்தாளர்?" என்று புருவம் நெரிக்கும் தோழர் இருக்கலாம். அவருக்கு ஒன்று நினைவூட்டுவேன். 1943-ஆம் ஆண்டிலே அறிஞர் அண்ணா, சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் எட்டயபுரம் தந்த நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் கம்பராமாயணம் பற்றி வாதிட்டார். 'தீ பரவட்டும்' என்ற நூலாக அந்தச் சொற்போர் நம் கையில் இருக்கிறது. படிக்காமலா அந்த மேடையில் ஏறியிருக்க முடியும்? போற்றியவரும் படித்தார், எதிர்த்தவரும் படித்தார். படிக்காமல் போற்றுவது பழக்கம். படிக்காமல் பழிப்பது சோம்பல். இரண்டுமே பகுத்தறிவு அல்ல! நம் கருத்துக்கு ஒத்த ஏட்டை மட்டுமே படிப்பவன், கண்ணாடி முன் நின்று பேசுகிறவன்.

இனி, அந்தச் சிறுவனிடம் வருகிறேன்.

கூட்டம் முடிந்து வந்த அன்றிரவு, உறக்கம் வராமல் அதே தொகுதியை எடுத்தேன். 'அன்பளிப்பு' கதையிலே கண் நின்றது. முன்பே படித்ததுதான். பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர். அவரிடம் புத்தகம் வாங்கிப் படிக்க வரும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள். புத்தாண்டுக்கு ஒரு சிறுவனுக்கும் ஒரு சிறுமிக்கும் அவர் டைரி தருகிறார். சாரங்கன் என்ற பையனுக்குத் தரவில்லை. அவன் அழவில்லை, கோபிக்கவில்லை. தன் வீட்டுக்கு அவரை அழைக்கிறான், சிற்றுண்டி தருகிறான், பிறகு தன்னிடமிருக்கும் டைரி ஒன்றைத் தானே எடுத்து நீட்டுகிறான். தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரும்படி கேட்கிறான்!

படித்தேன், பதறினேன். முன்பு படித்தபோதெல்லாம் சாரங்கனுக்காக இரங்கினேன். அன்றிரவுதான் அவனுக்குத் தராத அந்தப் பெரிய மனிதன் நானே என்று கண்டேன். அந்தக் கதை இருந்த புத்தகத்தைத்தானே காலையில் ஒரு பிள்ளை கேட்டான்! புரியாது என்று சொல்ல நான் யார்? தேநீர்க் கடைக்காரர் எனக்கு அப்படிச் சொல்லியிருந்தால், நான் இன்று எந்த மேடையில் நின்றிருப்பேன்?

விடிந்ததும் புத்தகத்தோடு போனேன். வீடு பூட்டியிருந்தது. கரிமூட்ட வேலைக்காகக் குடும்பமே வேறு ஊர் போய்விட்டதாம். பிள்ளையையும் அழைத்துப் போனார்களாம். மூன்று வாரம் கழித்துத்தான் வந்தார்கள். அவன் பெயரை முதற்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். வாங்கியவன், பெயரை விரலால் தடவிப் பார்த்தான். அன்று மாலை அந்த வீட்டு வாசலிலே அவன் குரல் கேட்டது. எழுத்துக்கூட்டிப் பாட்டிக்கு உரக்கப் படித்துக்கொண்டிருந்தான்!

சில நாள் சென்று வந்து நின்றான்.

"அந்தப் பையன் ஏன் மாமா கேட்டு வாங்குனான்? அவுகளாத் தரலையா?"

மேடையிலே எந்தக் கேள்விக்கும் மடக்கிப் பதில் சொல்லும் எனக்கு, அதற்குப் பதில் வரவில்லை. புரியாது என்றேனே, யாருக்குப் புரியவில்லை?

தோழர்களே! 'வீட்டிற்கோர் புத்தகசாலை' வேண்டும் என்று வானொலியிலே பேசினார் அண்ணா. அதனோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்வோம்: அந்தப் புத்தகசாலையின் கதவு தெருப்பக்கம் திறக்கட்டும்! அலமாரிக்குள் அடுக்கிப் பூட்டிய ஏடு, களஞ்சியத்தில் புழுத்த கம்புக்குச் சமம்.

வீட்டிலே புத்தகம் இல்லையா? பொது நூலகம் இருக்கிறது. விடுதலை பெற்ற இந்தியாவிலே முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது நம் மாநிலம், ஆண்டு 1948. அதற்குப் பெரிதும் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன். சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோமே, அதிலிருந்துதான் அங்கே ஏடு வாங்குகிறார்கள். ஆக, நூலகம் எவரும் இடும் பிச்சையன்று, நம் பணம், நம் உரிமை. குடிநீர் வரி கட்டிவிட்டுக் குழாயைத் திறக்காமல் இருப்போமா? நூலக வரி கட்டிவிட்டு நூலகத்துக்குப் போகாமல் இருக்கிறோம்! நாம் போகாவிட்டால், வருகிறவர் இல்லை என்று சொல்லி அதைப் பூட்டுவது எளிது. போகிற காலின் எண்ணிக்கைதான் அந்தக் கதவுக்குக் காவல்.

எனக்குப் பிடித்த எழுத்தாளர் யார் என்று கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். இனி நான் உங்களைக் கேட்கிறேன்: உங்கள் தெருவிலே ஏடு கேட்கும் பிள்ளை யார்? பெயர் தெரியுமா? தெரியாதென்றால், இன்றே கேட்டறியுங்கள். வருகிற ஞாயிறு, கையைப் பிடித்து நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். உறுப்பினர் அட்டையிலே அந்தப் பிள்ளையின் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

சாரங்கன்களைக் கேட்க வைக்காதீர்கள். கேட்குமுன் கொடுங்கள்!