பத்தாவது நீளம்

கனகாலமாப் பதிவு ஒண்டும் போடேல்லை. சோதினை, பிறகு குளிர், பிறகு பஞ்சி. (வரிசையை மாத்தி வாசிச்சாலும் சரிதான்.) இந்தக் குளிருக்குள்ள நான் செய்த ஒரே உருப்படியான காரியம் நீந்தப் போனது. அதிலையும் மானம் போச்சு.

நான் இருக்கிறது வெக்ஸ்போர்ட்டில, லோரன்ஸ் அவெனியூவுக்குக் கிட்ட. சொந்த ஊர் வல்வெட்டித்துறை. 1954இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தது, 1971இல் எங்கட ஆழிக்குமரன் ஆனந்தன் அதே நீரிணையை நீந்திப் போய் நீந்தியே திரும்பி வந்தது, அதுக்கு 51 மணித்தியாலம் எடுத்தது எல்லாம் எங்களுக்குச் சோத்தோட ஊட்டின கதை. அந்தத் திமிரோடதான் ஒரு சனிக்கிழமை குளத்துக்குப் போனன்.

எந்தக் குளம் எண்டது வேண்டாம். 25 மீற்றர், ஆறு லேன். லேனுக்கு எங்களிட்ட நல்ல சொல் இருக்கு, ஒழுங்கை. ஒவ்வொரு ஒழுங்கைத் தலைப்பிலையும் ஒரு பலகை: மெது, நடு, வேகம். நான் யோசிக்கவே இல்லை. நேர வேகத்துக்குள்ள குதிச்சன். (குதிக்கிறதும் பிழையாம். மெல்ல இறங்கவேணும்.)

முதல் இரண்டு நீளமும் என்னை ஒருத்தராலயும் பிடிக்க ஏலாமல் போச்சு. மூண்டாவதில மூச்சு முட்டிச்சு. நாலாவதில ஆரோ காலைத் தட்டிச்சினம். 'நான் முந்தப் போறன், சுவரடியில வழி விடு' எண்டு அர்த்தமாம். எனக்கு ஆர் சொன்னது? இன்னும் உன்னி அடிச்சன். அடுத்த பிழை அதைவிட மோசம். ஒரு ஒழுங்கைக்குள்ள நாலைஞ்சு பேர் நீந்தினால் வட்டமாச் சுத்தவேணும், இங்கத்தைக் கார்கள் மாதிரி வலப்பக்கம் பிடிச்சு. எனக்கு ஊர் றோட்டுப் பழக்கம். களைச்ச உடன இடப்பக்கம் ஒதுங்கினன். எதிரில வந்த ஒரு அம்மாவின்ர தலையில டங் எண்டு முட்டினன்.

அவவுக்கு அறுபது தாண்டியிருக்கும். நெத்தியைத் தடவிக்கொண்டு, கோவிக்காமல், "எத்தனை நீளம் நீந்துவாய்?" எண்டு கேட்டா.

"நாலு."

"நான் நாப்பது. உன்ர முதல் நீளம் என்னைவிட வேகம்தான். ஆனா ஒழுங்கையைத் தெரியிறது பத்தாவது நீளத்தை வைச்சு."

நான் கயிறுகளுக்குக் கீழால பூந்து மெது ஒழுங்கைக்குப் போனன்.

வீட்டை வந்து தேடி வாசிச்சன். தண்ணியின்ர தடை வேகத்தின்ர வர்க்கத்தோட கூடுமாம். அதை வெல்லத் தேவையான வலு கிட்டத்தட்டக் கனத்தோட. அதாவது வேகம் இரண்டு மடங்கெண்டால் வலு எட்டு மடங்கு. என்ர முதல் இரண்டு நீளத்துக்கும் நான் குடுத்த விலை அதுதான். அதோட கடலில பழகின எங்களுக்கு ஒரு வியாதி இருக்கு. அலையும் கரையும் பார்க்கத் தலையைத் தூக்கி நீந்துவம். தலை எழும்பினால் கால் தாழும், உடம்பு முழுக்கத் தண்ணிக்குக் குறுக்க நிக்கும். குளத்தில பார்க்க அலையும் இல்லை, கரையும் இல்லை. அடியில கறுப்புக் கோடுதான். அதைப் பார்த்து நீட்டிப் படுக்கவேணும்.

எங்கட லோரன்ஸில 54 பஸ் எடுத்து, மோர்னிங்சைட்டில 116 மாறினால், 2015 பான் அமெரிக்க விளையாட்டுக்காகக் கட்டின நிலையம் வரும். 50 மீற்றர் குளம் இரண்டு, ஒவ்வொண்டிலையும் பத்து ஒழுங்கை. பென்னி ஒலெக்சியாக் பயிற்சி எடுத்த இடம். 2016 றியோ ஒலிம்பிக்கில, 16 வயசில, 100 மீற்றரை 52.70 செக்கனில நீந்தி, அமெரிக்காவின்ர சிமோன் மனுவலோட தங்கத்தைப் பங்கு போட்ட பிள்ளை. 50இல திரும்பேக்க அவ ஏழாவது! அம்மா சொன்ன கணக்கு ஒலிம்பிக்கிலையும் செல்லுது. (52.70 எண்டால் மணிக்கு ஏழு கிலோமீற்றர்கூட இல்லை. பஸ்ஸைப் பிடிக்க லோரன்ஸில விறுக்கு விறுக்கெண்டு நடக்கிற ஆளின்ர வேகம். தண்ணிக்குள்ள மனுசன் அவ்வளவுதான்.) 51 மணித்தியாலத்தை இந்தக் கணக்கில வைச்சுப் பார்த்தால் தலை சுத்துது. ஆனந்தன் முதல் மணித்தியாலத்தில என்னைப்போல அடிச்சிருந்தால் மன்னாரே தாண்டியிருக்கமாட்டார்.

இப்ப மூண்டு மாதம். சுவர்க் கடிகாரத்தின்ர சிவப்பு முள்ளைப் பார்த்து நீந்துறன். முதல் நீளம் 40 செக்கன், பத்தாவது 43. மெது ஒழுங்கைக்கு நான் கொஞ்சம் கூட, நடுவுக்குக் கொஞ்சம் குறைய.

போன சனிக்கிழமை மெதுவில எனக்கு முன்னால ஒரு ஐயா. என்னைவிட மெது. முறைப்படி காலைத் தட்டவேணும். முதுகைப் பார்க்க எங்கட ஆள் மாதிரிக் கிடந்தது. வயசுபோன மனுசன்ர காலைத் தட்டுறதோ? தட்டேல்லை. எட்டு நீளம் பின்னாலயே போனன். சுவரடியில நிண்டு, கண்ணாடியைக் கழட்டி, என்னை மேல கீழ பார்த்தார்.

"தம்பி ஊரில எவ்விடம்?"

"பருத்தித்துறை" எண்டு சொல்லிப்போட்டன்.