மங்கிய முன்விளக்கு

முன்விளக்குகளை மோட்டார் வண்டியின் கண்கள் என்று சொல்வதுண்டு. முதுமையில் மனிதரின் கண்ணிலே புரை படர்வதுபோல, பல ஆண்டுகள் ஓடிய வண்டிகளின் விளக்குகளிலும் வெண்மையும் மஞ்சளும் கலந்த ஒரு படலம் படர்வதைக் காணலாம். மனிதரின் கண்புரையை மருத்துவரே நீக்கவேண்டும். வண்டியின் கண்ணிற் படரும் புரையையோ, ஒரு வாளி தண்ணீரும் சில அரத்தாள்களும் அரை நாட் பொறுமையும் இருந்தால், வீட்டு வாசலிலேயே நீக்கிவிடலாம். ஆயினும் அவற்றோடு மற்றொரு பொருளும் இன்றியமையாதது. பலர் மறந்துவிடுவது அதனையே.

ஊவா மாகாணத்தில் இஃது அழகு பற்றிய விடயம் மட்டுமன்று. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீற்றர் உயரத்தில் இருக்கும் எல்லயிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதி, இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைக் கடந்து வளைந்து வளைந்து செல்கின்றது. ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் பள்ளம். பசறை, நமுனுகுலை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளோ இன்னும் ஒடுக்கமானவை. அவற்றிற் பலவற்றில் தெருவிளக்கு என்பதே கிடையாது. இருள் பிரியாத காலையில் பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் வானும், நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற பெண்ணைப் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் வண்டியும் தம் முன்விளக்கை மட்டுமே நம்பி ஓடுகின்றன. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல - வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். அவ்விபத்துக்கு விளக்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வீதியிலே ஒரு பிழை நேர்ந்தால் அதனைத் திருத்திக்கொள்வதற்குள்ள இடம் எவ்வளவு குறுகியது என்பதை அத்துயரம் நாடறியச் செய்தது.

பழைய வண்டிகள் மிகுந்திருப்பதற்கும் காரணம் உண்டு. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு 2025ஆம் ஆண்டிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடையே 2022இல் ரூபாயின் மதிப்பு வீழ்ந்தமையால் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறிற்று. ஆகவே, மங்கிய விளக்கைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவது எல்லோர்க்கும் இயல்வதன்று. உள்ளதைத் திருத்திக்கொள்ளும் வழியை அறிவது நலம்.

முற்காலத்து வண்டிகளின் விளக்குக்குக் கண்ணாடியே மூடியாக இருந்தது. கண்ணாடி உடையுமேயன்றி மஞ்சளிப்பதில்லை. 1983இல் அமெரிக்கா பிளாஸ்டிக் மூடிகளுக்கு இடமளித்தது. பின்னர் அவ்வழக்கம் உலகெங்கும் பரவிற்று. பொலிகார்பனேற்று எனப்படும் அப்பிளாஸ்டிக் இலேசானது. கல் தெறித்தாலும் எளிதில் உடையாதது. விரும்பிய வடிவில் வார்க்கத்தக்கது. ஆனால் அதற்கு இரண்டு குறைகள் உண்டு. மேற்பரப்பு மென்மையானது, சூரிய ஒளியிலுள்ள கழியூதாக் கதிர்களை, அதாவது ஊதா நிறத்துக்கு அப்பாலுள்ள, கண்ணுக்குப் புலப்படாத கதிர்களை, அது தாங்கமாட்டாது. ஆதலால் தொழிற்சாலையிலேயே அதன்மீது ஒரு காப்புப் பூச்சைப் பூசி அனுப்புகின்றனர். வெயிலும் புழுதியும் ஆண்டுக்கணக்கில் அப்பூச்சை அரித்தபின், கதிர்கள் நேரே பிளாஸ்டிக்கைத் தாக்கி மஞ்சளாக்குகின்றன. நுண்ணிய வெடிப்புகளையும் உண்டாக்குகின்றன. உயரம் 1000 மீற்றர் கூடுந்தோறும் கழியூதாக் கதிரின் வலிமை ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து வீதம் மிகுகின்றது. மலைநாட்டுக் குளிர்ச்சியை நம்பி வெயிலில் வண்டியை நிறுத்துவோர் இதனை மறத்தலாகாது.

படலத்தின் தீமை இருவகைப்பட்டது. பாதைக்குச் செல்லவேண்டிய ஒளி குறைகின்றது. செல்லும் ஒளியும் நேரே செல்லாது நாற்புறமும் சிதறி, எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்கின்றது. அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2018இல் நடத்திய சோதனையில், நன்கு மங்கிய மூடிகள் புதிய விளக்கின் ஒளியில் நூற்றுக்கு 22 வீதத்தையே வெளிவிட்டன. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் 11 மீற்றர் தூரம் முன்னேறிவிடும். கொழுந்துக் கூடையுடன் வீதியோரத்தில் நடந்துவரும் ஒரு தாயை ஒரு விநாடி முன்னதாகக் காண்பதும் பின்னதாகக் காண்பதும் ஒன்றல்ல.

வேலையைத் தொடங்குமுன் நோயை அறிதல் வேண்டும். விளக்கின்மேல் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தால், நனைந்தவிடம் தெளிவாகவும் காய்ந்தபின் மங்கலாகவும் தோன்றுமாயின், குற்றம் வெளிப்புறத்திலேயே உள்ளது, அது தீரும். உட்புறத்தே நீர்த்துளிகள் நின்றால், மூடியின் இணைப்பு விட்டுப்போயிற்று என்பது பொருள். வெளியே தேய்ப்பதால் அது தீராது. பழைய வண்டியின் மூடி கண்ணாடியாயின், அதன்மீது அரத்தாளை வைக்கவே கூடாது.

பற்பசையால் தேய்த்தால் போதும் என்பார் உளர். பற்பசையிலுள்ள நுண்துகள்கள் மேற்படலத்தைச் சிறிது அகற்றும் என்பது மெய்யே. ஆனால் அப்பளபளப்பு நீடிப்பதில்லை. தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் கீறல்களை நிரப்பிச் சிறிது காலம் மினுக்கும். பின்பு புழுதியை ஈர்க்கும். நுளம்புக்காகத் தோலிற் பூசும் மருந்துகளிற் சில பிளாஸ்டிக்கையே இளகச்செய்து, அருகிலுள்ள வர்ணத்தையும் கெடுக்கும். வெளுத்ததெல்லாம் பாலாகாது என்பதற்கு இவை நல்ல சான்றுகள்.

முறையான வழி இதுவாகும். முதலில் விளக்கைச் சவர்க்கார நீரால் கழுவி, சுற்றியுள்ள வர்ணத்தை மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துக்கொள்ளவேண்டும். கடைகளில் 'வாட்டர் பேப்பர்' என்று கேட்டால் கிடைக்கும் அரத்தாள்களில் 800, 1000, 1500, 2000, 3000 ஆகிய இலக்கமுடையவற்றை வாங்கலாம். இலக்கம் ஏறஏறத் தாள் நுண்மையாகும். தாளையும் விளக்கையும் இடைவிடாது நனைத்துக்கொண்டு, 800இல் தொடங்கித் தேய்க்கவேண்டும். முதலில் வழியும் நீர் மஞ்சளாயிருக்கும். அது வெண்மையாக மாறி, பழைய பூச்சு எங்கும் எஞ்சாதபோதே அடுத்த தாளுக்குச் செல்லவேண்டும். ஒரு தாளால் இடவலமாகத் தேய்த்தால், அடுத்ததால் மேல்கீழாகத் தேய்ப்பது நல்லது. முந்திய கீறல்கள் மறைந்தனவா என்பது அப்போது எளிதில் விளங்கும். இந்நிலையில் விளக்கு முன்னிலும் மோசமாக, பனி மூடியதுபோலத் தோன்றும். அதனைக் கண்டு அஞ்சி இடையில் நிறுத்திவிடுவோரே பலர். 3000ஆம் தாள் முடிந்தபின், பொலிஷ் கொம்பவுண்ட் தொட்டு மெல்லிய பருத்தித் துணியால் தேய்க்கத் தெளிவு திரும்பும். பொறியால் தேய்ப்பதாயின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவேண்டும். சூடேறினால் பிளாஸ்டிக் கெடும்.

இங்கேதான் பலர் வேலை முடிந்ததென்று எண்ணிவிடுகின்றனர். பழைய பூச்சை முற்றாக நீக்கியபின் அந்தப் பிளாஸ்டிக் காப்பற்று நிற்கின்றது. அப்படியே விட்டால், சில மாதங்களில் முன்னிலும் விரைவாக மஞ்சளிக்கும். ஆகவே கழியூதாக் கதிரைத் தடுக்கும், முன்விளக்குக்கென்றே விற்கப்படும் தெளிந்த பூச்சு ஒன்றைப் பூசியே ஆகவேண்டும். தொடக்கத்தில் இன்றியமையாதது என்று கூறப்பட்ட பொருள் இதுவே. பூசுமுன் ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து எண்ணெய்ப் பசையைப் போக்கவேண்டும். பெற்றோலையும் தின்னரையும் தொடலாகாது, அவை பிளாஸ்டிக்கை வெடிக்கச்செய்யும். துணியாற் பூசும் வகை வீட்டுக்கு ஏற்றது. இரண்டு திரவங்களைக் கலந்து விசிறும் பூச்சுகளின் ஆவி நுரையீரலுக்குக் கேடு செய்யக்கூடும். தக்க முகக்காப்பில்லாதவர் அவற்றைத் தொழிற்பட்டறைக்கு விட்டுவிடுதலே அறிவுடைமை.

பூச்சு காய்வதற்கு ஈரமற்ற காற்று வேண்டும். மூடுபனி இறங்கும் மாலையும், ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழைக்காலமும் இதற்கு உதவா. ஊவாத் தேயிலைக்கு அதன் புகழ்பெற்ற மணத்தைத் தரும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான வரண்ட காற்றின் பருவமே இதற்கும் ஏற்றது. புழுதி படாதவாறு ஒரு கொட்டகைக்குள் முற்பகலில் செய்யலாம். பின்பு சமதரையில் ஒரு சுவரின் எதிரே வண்டியை நிறுத்தி, இரு விளக்குகளின் ஒளியும் ஒரே உயரத்தில் விழுகின்றதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

இவ்வைத்தியத்துக்கும் எல்லை உண்டு. முன்குறித்த சோதனையில், தேய்த்துத் திருத்திய மூடிகள் புதியதன் ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்கு 70 வீதத்தையே மீட்டன. வண்டி செய்தோரின் புதிய மூடியே முழுமையைத் தந்தது. ஆழ்ந்த வெடிப்புகள் உள்ள விளக்கை மாற்றுவதே முறை. மூடுபனியில் எவ்வளவு தெளிந்த விளக்கானாலும் தாழ்ந்த ஒளியையே பயன்படுத்தவேண்டும். உயர்ந்த ஒளி பனித்துளிகளிற் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பும். திருத்தியபின் வண்டியை நிழலில் நிறுத்துவதும், காய்ந்த சேற்றை உலர்துணியால் துடைக்காது நீர்விட்டுக் கழுவுவதும் அந்தத் தெளிவை நீட்டிக்கும்.

வீதி வளைவில் நிற்கும் பிள்ளைக்கு, வரும் வண்டி புதியதா பழையதா என்பது தெரியாது. அந்த வண்டியின் ஓட்டுநர் தன்னைக் காணவேண்டும் என்பதொன்றே அப்பிள்ளைக்குத் தேவையானது. அரை நாள் உழைப்பால் அதனை உறுதிசெய்ய இயலுமாயின், அந்த உழைப்பு வண்டிக்காகச் செய்ததன்று.