ஒயரின் தோல் உரிந்தால்...

இன்சுலேஷன் உரிந்த ஒயரை நாம் லேபில் தொடமாட்டோம். நம் நரம்புகளுக்கும் அப்படி ஓர் உறை உண்டு, பெயர் மயலின். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அதை அரித்துவிடும் நோய்தான் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். மூளை அனுப்பும் சேதி வழியிலேயே தடைபடும். கால் மரத்துப்போகும், பார்வை மங்கும். சூட்டில் தொந்தரவு கூடும். நம்ம தர்மபுரி வெயிலைச் சொல்லவே வேண்டாம்! பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் வருகிறது. தொற்றாது.

எங்கள் அத்தை தள்ளாடி நடந்தபோது "காத்து கருப்பு" என்று இரண்டு வருஷம் மந்திரித்தோம். எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் நோயின் பெயரே தெரிந்தது. வீட்டில் படித்தவன் நான் ஒருத்தன்தான், செல்போனில் தேடினேன். 1985-ல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் இதுவும் ஒன்று. 1995 சட்டத்தில் இல்லை. யு.டி.ஐ.டி. அட்டைக்கு இணையத்திலேயே மனுப் போடலாம். பிறகு டாக்டர்கள் பார்த்துச் சதவீதம் போடுவார்கள். பல சலுகைகளுக்கு 40 வேண்டும். இந்த நோயோ ஒரு நாள் நடக்கவிடும், மறுநாள் விடாது. எந்த நாளில் அளப்பது? எனக்குப் புரியாத கணக்கு அது.

மனுவை நான்தான் நிரப்பினேன். "ஏங்கண்ணு, இத முன்னாடியே யாரும் சொல்லலியே?" என்றார் அத்தை.