பக்கெட் மாட்டிய மினி டிராக்டர்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

தோப்பில் குழி எடுக்க வேண்டும், வரப்பை உயர்த்த வேண்டும், எருக்குவியலை அள்ளிப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஜேசிபிக்காரருக்காகக் காத்திருந்து சலித்துப்போன சிறு விவசாயியிடம் ஒரு புரோக்கர் வருகிறார். "மினி டிராக்டர் ஒண்ணு இருக்குண்ணே. முன்னால லோடர், பின்னால தோண்டுற கை, எல்லாம் மாட்டியே தர்றாங்க. புது வண்டி விலையில பாதிதான்." மனம் இளகத்தான் செய்யும். ஆனால் அந்தப் பாதி விலையில் எதெல்லாம் சேரவில்லை என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்ட வேண்டும்.

முதலில் இரும்பைப் பார்ப்போம். முப்பது குதிரைத்திறனுக்கு உட்பட்ட மினி டிராக்டர் உழவுக்கும் களையெடுப்புக்கும் பிறந்தது. லோடர் மாட்டினால் பக்கெட்டின் எடை முழுவதும் முன் அச்சில் இறங்கும். அந்த அச்சு, அதன் பேரிங், ஆயில் சீல் எல்லாம் அதற்கென்று செய்யப்பட்டிருக்க வேண்டும். பின்னால் எதிர் எடை இல்லாமல் மண்ணை உயரத் தூக்கினால் வண்டி குப்புறச் சாயக்கூடும்.

பின்பக்கத் தோண்டும் கை இதைவிட ஆபத்து. அதை டாப் லிங்கிலும் லிஃப்ட் கைகளிலும் மட்டும் தொங்கவிட்டிருந்தால் வாங்காதீர்கள். கடினமான மண்ணில் பல் மாட்டி இழுக்கும்போது முழு விசையும் கியர்பாக்ஸ் கூட்டின் மேல் விழுந்து அது விரிசல்விடலாம். கருவி மேலெழும்பி ஓட்டுநரை டிராக்டரோடு சேர்த்து நசுக்கிவிடவும் கூடும். முன் அச்சிலிருந்து பின் அச்சுவரை செல்லும் துணைச் சட்டகம் இருக்கிறதா, டிராக்டர் கம்பெனி அந்தக் கருவியை அந்த மாடலுக்கு அனுமதித்திருக்கிறதா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். புது வண்டியில் அனுமதியில்லாத கருவியை மாட்டினால் வாரண்டி மறுக்கப்படலாம்.

பழைய வண்டி என்றால் காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். முன்னதாகவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். பக்கெட்டில் மண்ணை நிரப்பி உயர்த்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து நிமிடம் தள்ளி நின்று கவனியுங்கள். அது கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. புதுப் பெயின்ட் அடித்த இடத்துக்கு அடியில் வெல்டிங் தழும்பு இருக்கலாம்; விரலால் தடவினால் தெரியும்.

இரும்பு தேறினாலும் காகிதம் தேற வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி வேளாண் டிராக்டர் என்பது வயல் வேலைக்கும் விளைபொருள் ஏற்றவுமான வண்டி. கட்டுமான இயந்திர வாகனம் தனி வகை. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52. கழற்றி மாட்டும் கருவி வேறு, பட்டறையில் சேஸிஸையே வெட்டி ஒட்டியது வேறு. நீங்கள் வாங்கும் வண்டி எந்தப் பக்கம் என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் முன்கூட்டியே கேளுங்கள். விவசாய வண்டி என்று பாலிசி எடுத்துவிட்டு ஊரார் வீட்டு அஸ்திவாரம் தோண்ட வாடகைக்கு விட்டால், விபத்து நடந்த அன்று பாலிசி கைவிரிக்கும். இறந்தவர் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பணம் கொடுத்துவிட்டு அதை உங்களிடமே வசூலிக்கும்படி தீர்ப்பாகலாம். நிலம் போகும்.

விற்பவருக்கும் ஒரு சொல். வண்டி கைமாறியும் ஆர்.சி. உங்கள் பெயரிலேயே இருந்தால் விபத்து இழப்பீட்டுக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் தர வேண்டும். வாங்குகிறீர்கள் என்றால், ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பாருங்கள். இருந்தால் கடன் முடிந்த சான்றும் கையொப்பமிட்ட படிவம் 35ம் கைக்கு வராமல் முழுப்பணம் தராதீர்கள்.

கடனில் மறைந்திருப்பது வட்டிக் கணக்கு. நான்கு லட்சம் ரூபாய்க்கு ஐந்து வருடம், "ஒன்பது சதவீதம்தான்" என்பார்கள். அது அசல் குறையக் குறையக் குறையாத ஃபிளாட் வட்டி என்றால் வட்டி மட்டும் 1,80,000 ரூபாய். குறையும் இருப்புக் கணக்கில் அது ஏறத்தாழ 16 சதவீதம். கையெழுத்துக்கு முன் ஆண்டு வட்டி வீதத்தை எழுத்தில் கேட்பது உங்கள் உரிமை.

தவணை தவறினாலும் மானம் தவணையில் இல்லை. 2016 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டத்தில் டிராக்டர் கடன் பாக்கிக்காக ஒரு விவசாயியைப் போலீசார் அடித்து இழுத்த காட்சியைத் தமிழகமே பார்த்தது. அடியாட்களை வைத்து வண்டியைப் பிடுங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007லேயே கூறிவிட்டது. வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

வியாபாரி ஏமாற்றினால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம். முதலில் 1915 எண்ணுக்குப் பேசிப் பாருங்கள். "தொழிலுக்கு வாங்கியது, நீ நுகர்வோர் இல்லை" என்று எதிர்த்தரப்பு வாதிடும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியவரைச் சட்டம் விலக்கவில்லை. ஆனால் வியாபாரி அல்லாத தனிநபரிடம் வாங்கினால் பொதுவாக உரிமையியல் நீதிமன்றப் படிதான் ஏற வேண்டும். அதனால் டிராக்டரின் சேஸிஸ் எண், இன்ஜின் எண், லோடர், தோண்டும் கை ஒவ்வொன்றின் விலை, ஓடிய மணிநேரம் எல்லாம் எழுதிய ரசீதை விற்பவர் கையெழுத்தோடு வாங்கி, வண்டியை அவர் வாசலிலேயே நாலு பக்கமும் படமெடுத்துவிட்டுச் சாவியை வாங்குங்கள்.