பால்புட்டி நிப்பிள்: துளையின் அளவும் குழந்தையின் முகமும்

பால்புட்டியின் வாயில் பொருத்தப்படும் மென்மையான உறிஞ்சு காம்பு தமிழ்நாட்டுக் கடைகளில் நிப்பிள் என்றும், பல வீடுகளில் வெறுமனே ரப்பர் என்றும் வழங்கப்படுகிறது. அதன் நுனியில் இருக்கும் துளை கூர்ந்து பார்த்தாலன்றிக் கண்ணில் படாத அளவுக்குச் சிறியது என்றாலும், பால் எந்த வேகத்தில் குழந்தையின் தொண்டைக்குள் இறங்குகிறது என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அதுவே. நிறத்தையும் விலையையும் உறையில் அச்சிட்ட வயதையும் பார்த்து நிப்பிள் வாங்கும் வழக்கம் பரவலாக இருப்பதால், பார்க்க வேண்டியது எது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

புட்டி தேவைதானா?

குழந்தைக்கு முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்தியாவில் 1992ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2003இல் திருத்தப்பட்ட சட்டம், தாய்ப்பாலுக்கு மாற்றான பால்மாவையும் பால்புட்டியையும் விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அச்சட்டம் பால்புட்டி என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்தில் நிப்பிளும் அடங்கும். கறந்தெடுத்த தாய்ப்பாலை ஊட்டுவதற்குக்கூட, மூக்கு வைத்த சிறு கிண்ணமான பாலாடையையே குழந்தை மருத்துவர்கள் முதலில் சொல்கிறார்கள். மூலைமுடுக்கு இல்லாத அந்தப் பாத்திரத்தைக் கழுவுவது எளிது, கிருமி ஒளிந்துகொள்ள இடமும் குறைவு. எனினும் தாய் நோயுற்ற வீடுகளும், பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டிய தாய்மார்களும், தத்தெடுத்த பெற்றோரும் உண்டு. அவர்களைக் குற்ற உணர்வில் தள்ளுவதால் குழந்தைக்கு ஒரு நன்மையும் விளையாது. புட்டியைக் கையில் எடுத்துவிட்ட பிறகு அதைச் சரியாகப் பயன்படுத்தும் முறையைச் சொல்லித் தருவதே அவர்களுக்குச் செய்யும் உதவி.

உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சு

பால் குடிக்கும் குழந்தை உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று மோதாமல் அடுத்தடுத்துச் செய்ய வேண்டும். இந்த ஒத்திசைவு கருவில் ஏறத்தாழ 34 வாரம் ஆகும்போதுதான் கைகூடத் தொடங்குகிறது என்பதால், அதற்கு முன் பிறக்கும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் குழாய் வழியாகவே பால் தரப்படுகிறது. மார்பில் குடிக்கும்போது பால் ஒரே சீராக வருவதில்லை. சுரந்து பாய்வதும் தணிவதுமாக இருப்பதோடு, குழந்தை உறிஞ்சுவதை நிறுத்தினால் வரத்தும் பெரும்பாலும் குறைந்துவிடுகிறது. கவிழ்த்துப் பிடித்த புட்டியிலோ குழந்தை சற்று ஓய்ந்து மூச்சு வாங்கினாலும் பால் சொட்டிக்கொண்டே இருக்கும். வாயில் நிறைந்ததை விழுங்குவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை.

வரத்து மிகுந்துவிட்டதைக் குழந்தையின் முகமே சொல்லிவிடும். கண்கள் அகல விரியும், புருவம் சுருங்கும், கைவிரல்கள் விறைத்துப் பிரியும், விழுங்கும் ஓசை மடக் மடக்கென்று இடைவிடாமல் கேட்கும், கடைவாயில் பால் வழியும். அதற்கும் மேலே போனால் இருமி, புரையேறி, தலையைத் திருப்பிக்கொள்ளும். ஐந்தே நிமிடத்தில் புட்டி காலியாவதைப் பசியின் அடையாளமாகக் கொண்டு மகிழும் வீடுகள் பல. உண்மையில் வயிறு நிறைந்த உணர்வு மூளைக்கு எட்டும் முன்பே தேவைக்கு மேல் பால் உள்ளே போய்விடுவதால், குடித்த சற்று நேரத்தில் குழந்தை கக்குவதற்கும் இது ஒரு காரணமாகிறது. வரத்து குறைவாக இருந்தால் அடையாளங்கள் வேறு: கன்னம் உள்வாங்கும், நிப்பிள் அமுங்கி ஒட்டிக்கொள்ளும், அரை மணி நேரம் கடந்தும் பால் தீராமல் குழந்தை களைத்து உறங்கிவிடும். நிப்பிள் அமுங்குவதற்குத் துளை மட்டுமே காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மூடி வளையத்தை மிக இறுக்கித் திருகினால் புட்டிக்குள் காற்றுப் புகாமல் போகிறது, அதைச் சற்றுத் தளர்த்தினாலே பல நேரங்களில் பால் தடையின்றி வந்துவிடும்.

உறையில் அச்சிட்ட எண்

நிப்பிள் உறைகளில் மெதுவானது, நடுத்தரமானது, வேகமானது என்றோ, 1, 2, 3 என்றோ, 0 முதல் 3 மாதம் என்றோ அச்சிட்டிருப்பார்கள். இந்தச் சொற்களுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. நிமிடத்துக்கு எவ்வளவு பால் வருகிறது என்று கருவி வைத்து அளந்த ஆய்வுகளில், மெதுவானது என்றே விற்கப்பட்ட நிப்பிள்களுக்கு இடையேகூட வரத்து பல மடங்கு வேறுபட்டது. ஆகவே ஒரு நிறுவனத்தின் 1ஆம் எண்ணிலிருந்து இன்னொரு நிறுவனத்தின் 1ஆம் எண்ணுக்கு மாறுவது, குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால் முற்றிலும் வேறொரு நிப்பிளுக்கு மாறுவதே ஆகும்.

மாதம் மாறியவுடன் எண்ணையும் மாற்றியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அமைதியாகக் குடித்து, எடையும் சீராக ஏறிவரும் குழந்தைக்கு மெதுவான நிப்பிளே மாதக்கணக்கில் போதுமானது. குறிப்பாகப் பகலில் புட்டியும் இரவில் மார்புமாகக் குடிக்கும் குழந்தைக்கு மெதுவான வரத்தே பொருந்தும், ஏனெனில் உழைக்காமல் கிடைக்கும் பாலுக்குப் பழகிவிட்டால் மார்பில் உழைக்க அது மறுக்கலாம்.

பால் சரியாக வரவில்லை என்று அடுப்பில் ஊசியைப் பழுக்கக் காய்ச்சித் துளையைப் பெரிதாக்கும் பழக்கம் இன்றும் இருக்கிறது. அப்படிக் குத்திய துளையின் விளிம்பு பிசிறாகி, பால் சொட்டாக விழாமல் கம்பியாகப் பாய்வதோடு, அந்த இடத்திலிருந்தே கிழிசல் தொடங்கித் துணுக்கு பெயர்ந்து தொண்டையில் சிக்கவும் கூடும். பாலில் மாவையோ கூழையோ கரைத்துப் பெரிய துளை வழியாகப் புகட்டுவதும், மருத்துவர் சொன்னாலன்றி, செய்யத்தகாத காரியம்.

பொருளும் வடிவமும்

நிப்பிள்கள் இரு பொருள்களில் கிடைக்கின்றன. லேட்டக்ஸ் என்பது ரப்பர் மரப்பாலிலிருந்து செய்யப்படும் பழுப்பு நிறப் பொருள்; மென்மையானது, ஆனால் கொதிநீரிலும் வெயிலிலும் விரைவில் பிசுபிசுத்து உப்பிவிடும், சில குழந்தைகளுக்கு ஒவ்வாமையும் தரும். சிலிக்கான் நிறமும் மணமும் அற்றது, வெப்பம் தாங்குவது, உள்ளே படிந்த அழுக்கை வெளியிலிருந்தே காட்டிக்கொடுப்பது. பல் முளைத்த குழந்தை கடித்தால் கீறல் விழும் என்பதே அதன் குறை. பெரும்பாலான வீடுகளுக்குச் சிலிக்கானே ஏற்றது. பிபிஏ என்ற வேதிப்பொருளைப் பற்றிய அச்சம் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கால் ஆன புட்டிகளைச் சார்ந்து எழுந்தது என்பதால், அதைப் புட்டி வாங்கும்போதுதான் விசாரிக்க வேண்டும்.

வடிவத்தைப் பொறுத்தவரை, தாயின் மார்பைப் போன்றது என்ற விற்பனைச் சொல்லுக்கு அதிக மதிப்புக் கொடுக்கத் தேவையில்லை. மார்புக் காம்பு குழந்தையின் வாய்க்குள் நீண்டு விரிந்து உருமாறுவது. வார்த்தெடுத்த நிப்பிளால் அதை முழுதாகச் செய்ய இயலாது. உதடுகள் அடிப்பகுதியைச் சுற்றி இடைவெளியின்றிப் பொருந்துகின்றனவா, காற்றை உறிஞ்சும் ஓசை கேட்காமல் இருக்கிறதா என்பவையே கவனிக்கத்தக்கவை.

அண்ணப்பிளவுடன் பிறந்த குழந்தையின் நிலை வேறு. வாயின் மேற்கூரையில் பிளவு இருப்பதால் அக்குழந்தையால் உறிஞ்சும் விசையை உண்டாக்க முடியாது; சாதாரண நிப்பிளை எவ்வளவு நேரம் சப்பினாலும் பசி தீராது. மாண்டி ஹேபர்மன் என்ற பிரித்தானியப் பெண்மணி, அத்தகைய குறையுடன் பிறந்த தம் மகளுக்குப் பால் கொடுக்கப் பட்ட பாட்டிலிருந்து 1980களில் உருவாக்கிய நிப்பிளில், பால் புட்டிக்குள் திரும்பாமல் தடுக்கும் ஒருவழித் தடுக்கிதழ் உண்டு; ஈறுகளால் அமுக்கினாலே பால் வந்துவிடும். இத்தகைய நிப்பிளையும், குறைமாதக் குழந்தைக்கானதையும் மருத்துவரின் ஆலோசனையோடுதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கழுவுதலும் கழித்தலும்

நிப்பிளில் பால் காய்ந்து படியும் முன்பே அதைப் புட்டியிலிருந்து கழற்றி, உட்புறம் வெளியே வருமாறு புரட்டி, சோப்பு நீரில் சிறு தூரிகையால் தேய்த்து, துளை வழியாக நீரைப் பீய்ச்சிப் பார்த்த பிறகு, கொதிக்கும் நீரில் 5 நிமிடம் மூழ்கியிருக்கச் செய்து, துணியால் துடைக்காமல் தானாக உலரவிட வேண்டும். ஒவ்வொரு முறை பயன்படுத்தும் முன்பும் அதை விரல்களால் எல்லாத் திசையிலும் இழுத்துப் பார்ப்பது நல்லது. இழுத்தபின் பழைய வடிவத்துக்கு மீளாமல் தொய்ந்து நின்றாலோ, நிறம் மாறியிருந்தாலோ, மயிரிழை அளவு கீறல் தென்பட்டாலோ, வாங்கி எத்தனை நாள் ஆயிற்று என்ற கணக்கைப் பாராமல் அன்றே குப்பையில் போட்டுவிட வேண்டும்.