காற்று நிர்ணயிக்கும் கப்பல் கட்டணம்

தீபாவளிக்கு முந்தின இரவு சென்னையிலிருந்து நாகப்பட்டினத்துக்கு ஆம்னி பஸ்ஸில் இடம் தேடுகிறவர், சாதாரண நாட்களில் கொடுப்பதைக் காட்டிலும் பன்மடங்கு தொகை கேட்கப்படுவதைக் கண்டு மனம் நொந்துகொண்டே பணத்தைக் கட்டுவது வருஷந்தோறும் நடக்கிற காரியம். கூட்டம் பெருகினால் கட்டணம் ஏறும் என்ற இந்த நியதி தரையோடு நின்றுவிடுவதில்லை. கடலிலும் அது செல்லுபடியாகிறது. உல்லாசக் கப்பல் கம்பெனிகள் அதை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்து வைத்திருக்கின்றன. ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையில் யாழ்ப்பாணத்தை அடுத்த காங்கேசன்துறைக்குப் போகும் பயணிகள் கப்பலின் சங்கதியே வேறு. தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று ஜனங்கள் பிரயாணத்துக்குத் துடிக்கும் மாதங்களில் அங்கே கட்டணம் ஏறுவதில்லை, பெரும்பாலும் கப்பலே ஓடுவதில்லை.

இந்த விசித்திரத்தை விளங்கிக்கொள்ள, முதலில் உல்லாசக் கப்பலின் கணக்கைச் சற்றுப் பார்ப்போம். ஆயிரம் பேர் ஏறினாலும் ஐந்நூறு பேர் ஏறினாலும் அக்கப்பலின் எண்ணெய்ச் செலவிலும், மாலுமிகளின் சம்பளத்திலும், துறைமுகத்துக்குச் செலுத்தும் தொகையிலும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. ஆகவே ஓர் அறை காலியாகக் கரையை விட்டுப் புறப்பட்டுவிட்டால், அதனால் கிடைத்திருக்க வேண்டிய வருமானம் என்றென்றைக்கும் போனதுதான். இந்த நஷ்டத்துக்கு அஞ்சியே கம்பெனிக்காரர்கள் புறப்படும் நாளுக்குப் பல மாதங்களுக்கு முன்பே சில அறைகளைச் சகாய விலைக்குக் கொடுக்கத் தொடங்குகிறார்கள். அறைகள் நிரம்ப நிரம்ப விலையை ஏற்றுகிறார்கள். நிரம்பாமல் போகும் என்று தெரிந்தால் கடைசி வாரங்களில் இறங்கியும் வருகிறார்கள். நம் ரயில்வே இலாகா 2016 செப்டம்பரில் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களுக்குக் கொண்டுவந்த முறை இதன் எளிய வடிவம்: பத்தில் ஒரு பங்கு இடம் விற்றுத் தீரும்போதெல்லாம் அடிப்படைக் கட்டணத்தில் பத்து சதவிகிதம் கூடியது, ஐம்பது சதவிகிதத்தோடு அந்த ஏற்றம் அப்போது நின்றுவிட்டது. கப்பலிலோ அப்படிப்பட்ட உச்சவரம்பு ஏதும் கிடையாது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணும் தொகை, ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் பங்கு மட்டுமே என்பதையும், தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு பங்கையும் தாமே சுமக்க நேரும் என்பதையும், வரியும் துறைமுகக் கட்டணமும் பணியாட்களுக்கான தொகையும் பிறகுதான் வந்து சேரும் என்பதையும் பலர் பணம் கட்டும்போதுதான் அறிகிறார்கள்.

இந்தக் கணக்கின் மேல் பருவகாலமும் வந்து உட்காருகிறது. கரீபியன் கடலில் கிறிஸ்துமஸ், புது வருஷ விடுமுறைகளில் விலை உச்சத்தில் நிற்கும். புயல்கள் மலிந்த செப்டம்பரில் படுத்துவிடும். புயல் மாதங்களிலும் அங்கே கப்பல்கள் நிற்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பல மாடி உயரமுள்ள பெருங்கப்பலுக்குப் புயலைச் சுற்றிக்கொண்டு வேறு தீவுக்குப் போய்விடும் சக்தி உண்டு. ஆதலால் புயலின் பயம் அங்கே மலிவான டிக்கெட்டாக மட்டுமே வெளிப்படுகிறது. நம் பக்கத்திலும் இதற்கு உதாரணம் இருக்கிறது. 1990-ல் கட்டப்பட்ட 'எம்பிரஸ்' என்ற கப்பலை வைத்துக்கொண்டு கார்டிலியா நிறுவனம் 2022 ஜூனில் சென்னையிலிருந்து உல்லாசப் பயணங்களைத் தொடங்கியது. மறு வருஷம் ஜூன் 5-ஆம் தேதி அதே கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்குச் சென்றது. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில் பம்பாயை விட்டுச் சென்னைப் பக்கம் வந்து தொழில் நடத்தும் உபாயம் அது. ஒரு கரையில் காற்று கெட்டால் மறு கரைக்கு நகரக்கூடிய கப்பலுக்குப் பருவம் என்பது லாப நஷ்டக் கணக்கில் ஒரு வரி, அவ்வளவுதான்.

இனி நாகப்பட்டினத்துக்கு வருவோம். அந்த ஊருக்குக் கடல் பிரயாணம் புதிதல்ல. ஸ்ரீவிஜய மன்னர் இங்கே சூடாமணி விஹாரம் எழுப்பியதும், ராஜராஜ சோழர் ஆனைமங்கலத்தை அதற்கு மானியமாகக் கொடுத்ததும் சரித்திரம். அத்தனை தூரம் போவானேன்! 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற நீராவிக் கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த காலத்தை நினைவுகூரும் முதியவர்கள் டெல்டா கிராமங்களில் இன்றும் இருக்கிறார்கள். திறந்த கடலில் தள்ளி நங்கூரமிட்ட கப்பலுக்குக் கரையிலிருந்து படகில் போய், ஆட்டத்தினூடே ஏணியைப் பிடித்து ஏறிய அவர்களுக்கு, ஐப்பசி கார்த்திகையில் இந்தக் கடல் எப்படி இருக்கும் என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போதைய காங்கேசன்துறைக் கப்பலின் கதை 2023 அக்டோபர் 14-ஆம் தேதி தொடங்குகிறது. இந்தியக் கப்பல் கழகத்தின் பொறுப்பில், 150 பேர் அமரக்கூடிய 'செரியபாணி' அன்று புறப்பட்டது. ஏறக்குறைய அறுபது கடல் மைல். நான்கு மணி நேரப் பிரயாணம். கட்டணம் 6,500 ரூபாய், அதன்மேல் பதினெட்டு சதவிகித வரி, ஆக 7,670 ரூபாய். தொடக்க நாளில் மட்டும் சுமார் 2,800 ரூபாய்க்கு ஏற்றிச் சென்றார்கள். வடகிழக்குப் பருவமழை வாசலில் வந்து நிற்கும் வேளையில் ஒரு கப்பல் சேவையைத் தொடங்கிவைத்த முகூர்த்தம் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்து வைத்ததோ நான் அறியேன். ஒரு வாரம் முடிவதற்குள், அக்டோபர் 20-ஆம் தேதியோடு, சேவை நிறுத்தப்பட்டது. மறு வருஷம் ஆகஸ்ட் 16-ல் தனியார் நிறுவனம் ஒன்று 'சிவகங்கை' என்ற கப்பலைக் கொண்டுவந்தபோது சாதாரண இருக்கை 5,000 ரூபாய், உயர்ந்த வகுப்பு 7,500 ரூபாய் என்று விலை வைத்தது. நவம்பரில் அதுவும் நின்றது. 2025 பிப்ரவரி 22-ல் மீண்டும் புறப்பட்டபோது போய்வரும் கட்டணம் 8,500 ரூபாயாக, அதாவது ஒரு வழிக்கு 4,250 ரூபாயாக இறங்கியிருந்தது.

இந்த இறக்கத்துக்குக் கூட்டம் குறைந்த பருவம் காரணமல்ல. கப்பல் ஓட்டும் செலவை ஈடுகட்ட இந்திய அரசாங்கம் வருஷத்துக்கு 30 கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் உதவித்தொகை கொடுக்க முன்வந்தது. இலங்கை அரசாங்கமும் கப்பலில் வெளியேறும் பயணிகளிடம் வாங்கிய வரியைக் குறைத்தது. எந்த மாதத்தில் எவ்வளவு பேர் வருவார்கள் என்று கணக்கிட்டு விலையை ஏற்றியிறக்கும் கைங்கரியம், பயணிகள் போதாமல் வாரத்துக்குச் சில நாட்கள் மட்டுமே ஓடிய கப்பலுக்கு எப்படிச் சாத்தியமாகும்? பாதி காலியாகப் போகிற கப்பல் பண்டிகைக் கட்டணம் கேட்க முடியாது.

நிரம்பக்கூடிய பண்டிகைகளையோ காற்று பறித்துக்கொள்கிறது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வடகிழக்குக் காற்று பாக் நீரிணைப் பகுதியில் அலையை எழுப்பிக்கொண்டே இருக்கிறது. வங்கக்கடலில் தாழ்வு மண்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகின்றன. 150 பேரை ஏற்றும் சிறு கப்பலுக்குப் புயலைச் சுற்றிப் போகும் வசதியுமில்லை, வேறு கரைக்கு நகர்ந்து தொழில் நடத்தும் வசதியுமில்லை. கரீபியனில் விலைக் குறைப்பாக வெளிப்படும் அதே புயல் பயம் இங்கே பூட்டிய டிக்கெட் கவுண்டராக வெளிப்படுகிறது. கிறிஸ்துமஸ் அதில் போகிறது, சில வருஷங்களில் தீபாவளியும் போகிறது. நாகூர் ஆண்டவர் கந்தூரி சந்திர மாதக் கணக்கில் வருவதால் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாட்கள் முன்னே நகர்ந்துகொண்டிருக்கிறது. சமீப வருஷங்களில் அது நவம்பர், டிசம்பரில் விழுந்திருப்பதால், இலங்கையிலிருந்து வரும் யாத்திரிகர்களுக்குக் கப்பல் உதவவில்லை. இன்னும் சில வருஷங்களில் அது செப்டம்பரை எட்டும்போது நிலைமை மாறக்கூடும்.

எஞ்சி நிற்கும் நல்ல பருவம் மாசி முதல் புரட்டாசி வரையில். அதற்குள் நம் பள்ளிக்கூடங்களின் கோடை விடுமுறை வருகிறது. யாழ்ப்பாணத்தில் இருபத்தைந்து நாள் நடக்கும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் உற்சவம் வருகிறது. ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் நிறைவுறும் வேளாங்கண்ணித் திருவிழா வருகிறது. இந்த வாரங்களில் இருக்கைகள் சீக்கிரம் தீரலாம். ஆகவே முன்கூட்டிப் பதிவு செய்துகொள்வது உசிதம். என் அபிப்பிராயத்தில், திருவிழாக் கூட்டத்தை நம்பிக் கட்டணத்தை ஏற்றுவதைவிட, கூட்டமில்லாத வார நாட்களில் அதைக் குறைத்துக் கொடுப்பதே இந்தக் கப்பலுக்கு நன்மை தரும். அரசாங்கத்தின் உதவித்தொகையில் ஒரு பகுதியை அதற்கென்றே ஒதுக்கலாம். வேளாங்கண்ணிக்கு வரும் இலங்கை மீனவக் குடும்பத்திடம் ஆம்னி பஸ் முறையில் வசூலிப்பது மானியத்தின் நோக்கத்துக்கே விரோதம்.

மழைக்காலத்தில் யாழ்ப்பாணம் போயே தீர வேண்டியவர்களுக்கு ஆகாய மார்க்கம் இருக்கிறது; சென்னையிலிருந்தும், 2025 மார்ச் கடைசி முதல் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு விமானங்கள் பறக்கின்றன. கப்பல் நின்ற மாதங்களில் அந்த விமானங்களுக்கு எதிரில் போட்டி ஏதுமில்லை என்பதையும், விமானக் கம்பெனிகள் நிரம்ப நிரம்ப ஏற்றும் சாஸ்திரத்தைக் கப்பல்காரர்களைவிட நன்றாகவே அறிந்தவர்கள் என்பதையும் மனத்தில் கொண்டு, புரட்டாசி முடிவதற்குள் டிக்கெட் வாங்கிவிடுவது நல்லது.