ஏர் ரைபிள் ஸ்பிரிங்: எவ்வளவு பலமாகத் தட்ட வேண்டும்?

திருவிழாவில் பலூன் சுடக் கொடுக்கும் துப்பாக்கியின் குழலை மடக்கும்போது கை வலிக்கும். உள்ளே தடித்த ஸ்பிரிங் ஒன்று அழுந்துகிறது. விசையை இழுத்ததும் அது விரிந்து பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் காற்றை நெருக்க, நெருங்கிய காற்று பெல்லட்டை விரட்டுகிறது. அங்கே பலம் முழுக்க ஸ்பிரிங்கினுடையது. பெரிய ஸ்பிரிங் போட்டால் வேகம் கூடும் என்ற எண்ணம் பலருக்கும் இங்கிருந்துதான் வருகிறது.

முன்கூட்டியே காற்று அடைத்து வைக்கும் பி.சி.பி. ரைபிளுக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதன் உருளையில் 200 பார், சிலவற்றில் 300 பார் அழுத்தத்தில் காற்று காத்திருக்கிறது. பெல்லட்டைத் தள்ளும் ஆற்றல் அந்தக் காற்றிலேயே இருக்கிறது. ஸ்பிரிங்குக்கு இருப்பது ஒரே வேலை. ‘ஹேமர்’ எனப்படும் சிறிய எஃகுத் துண்டை ஓடவிட்டு, வால்வின் தண்டைத் தட்டச் செய்ய வேண்டும். வால்வு ஓரிரு மில்லி நொடி திறந்து மூடிக்கொள்ளும். அணையின் மதகைத் தூக்குபவர் தண்ணீரை உண்டாக்குவதில்லை. எவ்வளவு போக வேண்டும் என்பது மட்டும் அவர் கையில். ஸ்பிரிங்கும் அப்படித்தான்.

இதை எண்களில் பார்த்தால் விஷயம் துலங்கும். வால்வு இருக்கையின் விட்டம் 8 மி.மீ. என்று கொள்வோம். பரப்பு ஏறத்தாழ 50 சதுர மி.மீ. 200 பார் என்பது ஒவ்வொரு சதுர மி.மீ.க்கும் 20 நியூட்டன். ஆக வால்வை மூடிப் பிடித்திருக்கும் விசை 1,000 நியூட்டன், அதாவது நூறு கிலோ எடை. எதிரே நிற்கும் ஸ்பிரிங்கின் விறைப்பு மி.மீ.க்கு 2 நியூட்டன் என்றும், அது முதலிலேயே 5 மி.மீ. அழுத்தி வைக்கப்பட்டு, காக் செய்யும்போது, அதாவது சுடுவதற்காக ஹேமரைப் பின்னுக்கு இழுக்கும்போது, இன்னும் 20 மி.மீ. அழுந்துகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஹேமருக்குக் கிடைக்கும் ஆற்றல் 0.6 ஜூல். 60 கிராம் ஹேமர் என்றால் நொடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில் போய் மோதும். 1,000 நியூட்டனை எதிர்த்து 0.6 ஜூல் செலவானால் வால்வு 0.6 மி.மீ. திறக்கும். உருளையின் அழுத்தம் 100 பாராகக் குறைந்தபின் அதே தட்டு 1.2 மி.மீ. திறக்கும். இது தோராயக் கணக்குதான். ஆனாலும் இந்த ரைபிளின் குணம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

உருளை நிறைந்திருக்கும்போது வால்வு கொஞ்சமே திறப்பதால், முதல் சில சுடுகளில் பெல்லட் மெதுவாகப் போகும். அழுத்தம் இறங்க இறங்கத் திறப்பு பெரிதாகி வேகம் ஏறும். நடுவில் அழுத்தத்தின் இறக்கமும் திறப்பின் ஏற்றமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் இடம் ஒன்று வரும். அங்கே வேகம் கிட்டத்தட்ட மாறாது. அதற்கப்பால் காற்றே போதாமல் வேகம் சரியும். சுடுபவருக்குப் பயன்படுவது அந்த நடுப்பகுதிதான். ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் அது உயர்ந்த அழுத்தத்தின் பக்கம் நகரும். காற்றும் சீக்கிரம் தீரும். தளர்த்தினால் தாழ்ந்த அழுத்தத்துக்கு வரும். 200 பாரில் முதல் பத்து சுடும் மந்தமாக இருக்கிறது என்று ஸ்பிரிங்கை மாற்றக் கிளம்புபவர், முதலில் 180 பார் வரை மட்டும் நிரப்பிப் பார்க்கலாம். பல துப்பாக்கிகளுக்கு அதுவே மருந்து.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், சுருள்வில்லின் கணக்கு தெரிந்திருப்பது நல்லது. விறைப்பு, கம்பியின் தடிமனுடைய நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும். 1.2 மி.மீ. கம்பிக்குப் பதில் 1.3 மி.மீ. கம்பி என்றால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விறைப்போ சுமார் 38 சதவீதம் கூடிவிடும். அதே ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு, அதன் முன் அழுத்தத்தைக் கூட்டும் பின் திருகை 3 மி.மீ. உள்ளே தள்ளினால், மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 0.6 ஜூல் 0.72 ஆகும், 20 சதவீதம்தான் ஏற்றம். அதனால்தான் முதலில் திருகு, கடைசியில் ஸ்பிரிங் என்று அடித்துச் சொல்வேன். இன்னொன்று: ஸ்பிரிங்கில் இரண்டு சுற்றை வெட்டினால் அது தளர்ந்துவிடும் என்று நினைக்கிறோம். விறைப்பு சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் மாறுவது. 20 சுற்றை 18 ஆக்கினால் ஸ்பிரிங் 11 சதவீதம் விறைக்கும். நீளம் குறைவதால் முன் அழுத்தம் போய்விடுவதே பலம் குறைந்ததுபோலக் காட்டுகிறது. வெட்டிய நீளத்தைத் திரும்ப ஒட்டவும் வழியில்லை.

மிகையான ஸ்பிரிங்கின் தீமை காதுக்கே கேட்கும். தட்டிய ஹேமரை வால்வு பின்னுக்கு எறிகிறது. ஸ்பிரிங் அதை மறுபடி முன்னுக்குத் தள்ள, வால்வு இன்னொரு முறை லேசாகத் திறக்கிறது. பெல்லட் அதற்குள் குழலைவிட்டுப் போயிருக்கும். ‘டப்’ என்ற ஒலியின் வாலில் ‘புர்ர்’ என்று ஒரு இழுப்பு கேட்டால், யாருக்கும் பயனில்லாமல் காற்று வீணாகிறது என்று பொருள். இதற்கு அழகான தீர்வு உண்டு. ஸ்பிரிங்கின் விரிவை ஒரு தடுப்பு முன்கூட்டியே நிறுத்திவிடும். கடைசிச் சில மி.மீ. ஹேமர் தன் வேகத்திலேயே போய்த் தட்டும். இரண்டாவது தட்டுக்குத் தள்ளிவிட ஆளிருக்காது.

ரெகுலேட்டர் உள்ள ரைபிள்களில் வேறொரு ஸ்பிரிங் ஒளிந்திருக்கிறது. அது சுருள் அன்று, குழிந்த வாஷர்களின் அடுக்கு. 1867-இல் பிரான்சின் ஜூலியன் பெல்வில் காப்புரிமை பெற்ற வடிவம் அது. இரண்டு வாஷரை ஒரே திசையில் கவிழ்த்து அடுக்கினால் விறைப்பு இரட்டிக்கும். எதிரெதிராக வைத்தால் நகரும் தூரம் இரட்டிக்கும். உருளையில் எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் வால்வுக்கு முன்னே உள்ள சிறு அறையில் ஒரே அழுத்தம் நிற்கும்படி இவை பார்த்துக்கொள்கின்றன. பழுது பார்க்கும்போது ஒரு வாஷர் தலைகீழாக மாட்டப்பட்டாலும் அந்த அழுத்தம் மாறிவிடும்.

இத்தனை நுணுக்கம் எதற்கு? ஒலிம்பிக்கின் 10 மீட்டர் போட்டியைப் பாருங்கள். சுமார் அரை கிராம் எடையுள்ள 4.5 மி.மீ. பெல்லட் நொடிக்கு 170 மீட்டரையொட்டிய வேகத்தில் போகிறது. இலக்கை அடைவதற்குள் புவியீர்ப்பு அதை ஏறக்குறைய 17 மி.மீ. இறக்கிவிடும். வேகம் ஒரு சதவீதம் மாறினால் இந்த இறக்கம் 0.3 மி.மீ. மாறும். பத்துக்கான புள்ளியின் விட்டமே 0.5 மி.மீ.தான்! 2008 பெய்ஜிங்கில் கடைசிச் சுடுக்கு முன் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹக்கினனும் சமநிலையில் நின்றார்கள். பிந்த்ராவின் 10.8 தங்கத்தைத் தந்தது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பங்கேற்பதும் இதே 10 மீட்டர் பிரிவில்தான். பலத்தை யாரும் அங்கே தேடுவதில்லை. அறுபது சுடும் ஒன்றுபோல இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சட்டமும் நடுவில் நிற்கிறது. இந்தியாவின் 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கோ 4.5 மி.மீ. குழல் விட்டத்துக்கோ மேற்பட்ட ஏர் ரைபிளுக்கு உரிமம் வேண்டும். ஜெர்மனியில் உரிமமில்லா எல்லை 7.5 ஜூல். ஒரு திருகைக் கூடுதலாகத் திருப்புவது சட்டத்தின் மறுபக்கத்தில் கொண்டுபோய் விடலாம்.

ரெகுலேட்டர் உள்ள ரைபிளைச் சரிசெய்ய வேகமானி ஒன்று வேண்டும். அதன் முன்னே சுட்டபடி முன் அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். ஒரு கட்டத்துக்குமேல் திருகு போனாலும் வேகம் ஏறாது. அங்கிருந்து, வேகம் மூன்று முதல் ஐந்து சதவீதம் குறையும்வரை பின்வாங்கி நிறுத்தினால் காற்றும் மிச்சம், வேகமும் நிலை. உள்ளே கை வைக்கும் முன் உருளைக் காற்றை முழுவதும் வெளியேற்றிவிட வேண்டும். இதில் சலுகையே கிடையாது. புது ஸ்பிரிங்கின் விரிந்த நீளத்தை வெர்னியரில் அளந்து குறித்து வையுங்கள். எஃகு நாளடைவில் ஓரளவு குறுகி அமரும். பிறகொரு நாள் வேகம் இறங்கும்போது, குறை ஸ்பிரிங்கிலா வால்விலா என்று அந்த அளவைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்.